தேர்வாய் கண்டிகையில் நிலத்தின் விலை ஏறியது, யாருக்கு?

நிலத்துக்கு விலை ஏறிவிட்டதாம்! கும்மிடிப்பூண்டி பஸ் நிலையத்து டீக்கடையிலிருந்து சென்னைப் பட்டணத்து மாடிக் கட்டிடங்கள் வரை இதே பேச்சு. "கவரைப்பேட்டையிலிருந்து சத்தியவேடு போகிற ரோட்டில் ஏக்கர் என்ன விலை தெரியுமா?" என்று தரகர் கேட்கிறார். கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்கிறார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு. ஊரே செழித்துவிட்டது போலவும், ஏழைகளெல்லாம் லட்சாதிபதிகளாகிவிட்டது போலவும் பேசுகிறார்.

சரி, விலை ஏறியிருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது ஒரே கேள்விதான்: ஏறிய விலை யாருடைய மடியில் விழுந்தது?

அந்த மண்ணில் நாற்று நட்டவள் மடியில் விழுந்ததா? களை பறித்தவள் மடியில் விழுந்ததா? ஆடு மாடு மேய்த்தவன் கையில் ஒரு காசு கிடைத்ததா? அங்கே எழும்பிய ஆலைகளில் ஒப்பந்தக் கூலியாக நுழைந்திருக்கும் தொழிலாளிக்குத்தான் கிடைத்ததா? இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி தாலுகா, தேர்வாய் கண்டிகை என்ற ஒரே ஒரு கிராமத்தின் கதை போதும்.

1,127 ஏக்கருக்கு விலை என்ன?

தேர்வாய் கண்டிகையில் பெரும்பாலோர் தலித் மக்கள். சொந்த நிலம் உள்ளவர்கள் கொஞ்சம்; கூலிக்குப் போகிறவர்கள் அதிகம். ஆனால் ஊருக்கென்று ஒரு பெரிய சொத்து இருந்தது. காடும் மேய்ச்சல் தரையுமாகக் கிடந்த 1,127 ஏக்கர் புறம்போக்குதான் அது. மாடு அங்கே மேய்ந்தது. அடுப்புக்குச் சுள்ளி அங்கே கிடைத்தது. மருந்துக்கு வேரும் தழையும் அங்கே கிடைத்தன. அந்த மேட்டில் விழுந்த மழைதான் ஓடைகளில் இறங்கி ஏரிகளுக்கு வந்தது. பட்டா இல்லாதவனுக்கு அந்தக் காடுதான் பட்டா. கூலி கிடைக்காத மாதத்தில் ஒரு கன்றுக்குட்டியை விற்றுக் கஞ்சி குடிக்க வழி செய்த நிலம் அது.

2006-இல் என்ன நடந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். நிலமற்ற ஏழைக் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம் தருவோம் என்று சொல்லி ஓட்டு வாங்கினார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் திட்டத்தைத் தொடங்கியும் வைத்தார்கள். அடுத்த வருஷமே, 2007-இல், அதே சர்க்கார் தேர்வாய் கண்டிகையின் 1,127 ஏக்கரைச் சிப்காட் தொழிற்பேட்டைக்கு என்று முடிவு செய்தது. கணக்குப் போடத் தெரிந்த எவரும் போட்டுப் பார்க்கலாம். குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் வீதம் 563 குடும்பங்களுக்குக் கொடுத்திருக்கக்கூடிய நிலம் அது!

கிராம சபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. மக்கள் மனுக் கொடுத்தார்கள். மறியல் செய்தார்கள். பெண்கள் மரங்களுக்கும் இயந்திரங்களுக்கும் நடுவே போய் நின்றார்கள். போலீஸ் வந்தது. கைதுகள் நடந்தன, வழக்குகள் பாய்ந்தன. 2009-இல் மரங்கள் சாய்ந்தன. அந்த ஆண்டு நவம்பரில் பிரான்ஸ் தேசத்து மிஷலின் டயர் கம்பெனியோடு சென்னையில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 4,000 கோடி ரூபாய் முதலீடு என்று பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தது. அந்தப் பேட்டைக்குள்ளே அக்கம்பெனிக்குச் சுமார் 290 ஏக்கர் போயிற்று. 2011-இல் ஆட்சி மாறியது, திட்டம் மாறவில்லை. ஒரு கொடி இறங்கி மறு கொடி ஏறியதே தவிர, மேய்ச்சல் தரையில் நட்ட வேலிக்கம்பம் அசையவில்லை.

இப்போது விலைக்கு வருவோம். பட்டா நிலத்தை எடுத்தால் நஷ்ட ஈடு தர வேண்டும். பேரம் பேசலாம், கோர்ட்டுக்குப் போகலாம். புறம்போக்குக்கு என்ன தருவார்கள்? சர்க்கார் கணக்குப் புத்தகத்தில் அது சர்க்கார் நிலம். சர்க்காரிடமிருந்து சர்க்காரே எடுத்துக்கொள்கிறது. ஆகவே அதில் மாடு மேய்த்தவனுக்கு விலை பூஜ்யம்! காலையில் பூஜ்யமாக இருந்த அதே மண், சிப்காட் என்ற பெயர்ப் பலகை நட்ட மறுகணம், ஏக்கர் இன்ன விலை என்று 99 வருஷக் குத்தகைக்குப் போகிற சரக்காகிவிடுகிறது. இடையில் மண்ணில் என்ன மாறிற்று? ஒன்றும் மாறவில்லை. அதை அனுபவித்தவன் மாறினான், அவ்வளவுதான்.

தோழர்களே, நம் நாட்டில் ஒருவனைக் கேவலமாகத் திட்ட வேண்டுமென்றால் 'புறம்போக்கு' என்கிறார்கள். ஏழையின் நிலத்துக்கு வைத்த பெயரையே ஏழையைத் திட்டும் வசவாக்கிவிட்டார்கள். ஆனால் கோடிகளைக் கொண்டு வருகிறவர்களுக்கு அந்தப் புறம்போக்குதான் முதலில் கண்ணில் படுகிறது!

விலையை ஏற்றியது யார்?

நிலத்தின் விலை தானாக ஏறுவதில்லை. மண்ணுக்குள்ளிருந்து விலை முளைப்பதில்லை. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் விலையை ஏற்றியவை எவை என்று எண்ணிப் பாருங்கள்.

சென்னையிலிருந்து கல்கத்தா போகும் பெருஞ்சாலை இருக்கிறது. சென்னை மின்சார ரயில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டிச் சூளூர்பேட்டை வரை ஓடுகிறது. எண்ணூரில் 2001 முதல் துறைமுகம் இயங்குகிறது. பேட்டைக்கு மின்சாரமும் தண்ணீரும் போகின்றன. 2022-இல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களும் பட்டணத்து வலைக்குள் வந்தன. இவற்றில் எது நிலச்சொந்தக்காரன் செய்தது? எந்தத் தரகர் தண்டவாளம் போட்டார்? எந்த மனை வியாபாரி கப்பல்துறை கட்டினார்? எல்லாம் மக்கள் வரிப்பணம். எல்லாம் தொழிலாளியின் வியர்வை. ஊர் கூடி இழுத்த தேர். அதன் பலனோ தனி ஆள் மடியில்.

பத்து வருஷம் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுத் தூங்குகிறான் ஒருவன். பக்கத்தில் ரோடு வருகிறது, ஆலை வருகிறது. தூங்கி எழுந்தால் அவன் கோடீஸ்வரன். அதே பத்து வருஷம் அவன் நிலத்தில் நடவும் அறுப்பும் செய்தவளோ வேலையற்றவள். இதற்குப் பெயர் வளர்ச்சியாம்!

மனை வியாபாரத்தின் மர்மத்தையும் ஒரு கணக்கில் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காகத்தான், உங்கள் ஊர் விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சிறு விவசாயியிடம் ஏக்கர் 20 லட்சத்துக்கு வாங்குகிறார்கள். ஏக்கர் என்பது 100 சென்ட். 43,560 சதுர அடி. அப்படியானால் சதுர அடி 46 ரூபாய் கூட ஆகவில்லை. ரோடு, பூங்கா என்று 40 சென்ட் போனாலும் 60 சென்ட் மிஞ்சும். அது 26,136 சதுர அடி. அதைச் சதுர அடி 400 ரூபாய்க்கு விற்றால் ஒரு கோடியே நாலு லட்சத்துக்கு மேல் வருகிறது. ரோடு போட்ட செலவு, லைசென்ஸ் செலவு, விளம்பரச் செலவு எல்லாம் தாராளமாகக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் யாருடையது? வரப்பை அழித்துக் கல் நட்டவனுடையது. உழுதவனுடையது அல்ல.

வழிகாட்டி மதிப்பு யாருக்கு வழி காட்டுகிறது?

விலை ஏறினால் நிலம் இழக்கும் விவசாயிக்கும் நஷ்ட ஈடு ஏறுமே என்று சிலர் வாதிக்கிறார்கள். அதிலும் ஒரு சூது இருக்கிறது.

2013-ஆம் வருஷத்து மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டம் மார்க்கெட் விலையை எப்படிக் கணக்கிடுகிறது? சர்க்கார் வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒரு அளவுகோல். முந்தைய மூன்று வருஷத்தில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களில், கூடுதல் விலை போட்ட பாதியின் சராசரி இன்னொரு அளவுகோல். ஒப்புதலோடு எடுக்கும் இடங்களில் ஒப்புக்கொண்ட தொகையும் உண்டு. எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் பத்திரத்தில் எழுதுவது ஒன்று, கை மாறுவது ஒன்று என்பது ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நிற்கும் ஆலமரத்துக்குக் கூடத் தெரியும்! முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் பணக்காரர்கள் விலையைக் குறைத்து எழுதுகிறார்கள். பாக்கி கறுப்பில் கை மாறுகிறது. நாளைக்குச் சர்க்கார் வந்து ஏழை விவசாயியின் நிலத்தை எடுக்கும்போது, "உன் பக்கத்து நிலம் இவ்வளவுக்குத்தானே போயிருக்கிறது?" என்று அந்தப் பொய்ப் பத்திரங்களையே காட்டுகிறார்கள். பணக்காரன் சொன்ன பொய்க்கு ஏழை அபராதம் கட்டுகிறான்.

2017 ஜூன் மாதம் இன்னொன்றும் நடந்தது. தமிழ்நாடு முழுவதும் வழிகாட்டி மதிப்பை ஒரே அடியாக 33 சதம் வெட்டினார்கள். பதிவுக் கட்டணத்தை 1 சதத்திலிருந்து 4 சதமாக்கினார்கள். மனை விற்பனை மந்தமாகிவிட்டது என்று அழுதவர்களின் கண்ணீரைத் துடைக்கத்தான் இது. 2023 ஏப்ரலில் பழைய 2012-ஆம் வருஷத்து மதிப்புக்குத் திரும்பினார்கள். கட்டணத்தை 2 சதமாக்கினார்கள். 2024 ஜூலையில் மறுபடி திருத்தினார்கள். நிலத்தின் மதிப்பு கடவுள் வகுத்ததல்ல, கோட்டையில் ஒரு கையெழுத்தில் ஏறி இறங்குவது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நடுவில் அந்த ஆறு வருஷத்தில் நிலம் பறிபோன விவசாயியின் அளவுகோலில் மூன்றில் ஒரு பங்கு ஒடிந்து கிடந்ததே, அதைக் கேட்க நாதியுண்டா?

அந்த மத்தியச் சட்டத்தில் ஒரு நல்ல வரி உண்டு. நிலம் எடுக்கும்போது பாதிக்கப்படும் குடும்பம் என்றால் பட்டாதாரர் மட்டுமல்ல. மூன்று வருஷமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலி, குத்தகைதாரர், வாரக்காரர் ஆகியோரும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்கிறது. நிலமற்றவனையும் மனிதனாக எண்ணிய வரி அது. பல ஆண்டுப் போராட்டங்களின் விளைவு. இங்கே என்ன செய்தார்கள்? தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும் 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் உள்ளிட்ட மூன்று சட்டங்களை அந்த மத்தியச் சட்டத்தின் பிடியிலிருந்து கழற்றிவிடத் திருத்தம் கொண்டுவந்தார்கள். நஷ்ட ஈட்டுக் கணக்கு புதியபடி. ஆனால் சமூகப் பாதிப்பைப் பற்றிய விசாரணை வேண்டாமாம்! 2019 ஜூலையில் சென்னை ஹைகோர்ட் அது செல்லாது என்றது. சர்க்கார் சும்மா இருந்ததா? அதே வருஷம் சட்டங்களுக்கு உயிர் கொடுக்க ஒரு புதுச் சட்டம் போட்டது. 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. 2023 ஏப்ரலில், ஏரியும் ஓடையும் உள்ள பெரும் நிலப்பரப்புகளையும் சிறப்புத் திட்டம் என்ற பெயரில் கொடுக்க வழி செய்யும் நில ஒருங்கிணைப்புச் சட்டம் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. கூலிக்காரனை எண்ணுவதற்கு மட்டும் இவர்களுக்கு விரல்கள் மடங்குவதில்லை!

ஏரி போயிற்று, நீர் வந்தது, யாருக்கு?

காட்டுக்குப் பிறகு ஏரி. தேர்வாய் கண்டிகை, கண்ணன்கோட்டை ஏரிகளை இணைத்து ஒரு நீர்த்தேக்கம் கட்டினார்கள். 2013-இல் அடிக்கல், சுமார் 380 கோடி ரூபாய் செலவு, 500 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2020 நவம்பர் 21-இல் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா அதைத் திறந்து வைத்தார். 1944-இல் பூண்டி அணை வந்த பிறகு சென்னையின் குடிநீருக்கென்று கட்டிய புது நீர்த்தேக்கம் இதுதான்.

சென்னை ஜனங்கள் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வியாசர்பாடித் தொழிலாளியும் வண்ணாரப்பேட்டைத் தொழிலாளியும் நம் சகோதரர்கள்; காலிக்குடத்தோடு நிற்கும் அவர்கள் வீட்டுப் பெண்களின் துயரம் நமக்குத் தெரியும். நாம் கேட்பது வேறு. நீர்த்தேக்கத்துக்காக நிலம் கொடுத்த பட்டாதாரருக்காவது ஒரு தொகை பற்றிய பேச்சு இருந்தது. அந்த நிலங்களில் வருஷத்துக்கு இத்தனை நாள் கூலி வேலை என்று நம்பியிருந்த குடும்பங்களின் பேச்சு எந்த மேடையில் எழுந்தது? காட்டைக் கொடுத்து, வயலைக் கொடுத்து, ஏரியையும் கொடுத்த ஊரில், கொடுத்தவர் பட்டியலில் கூலிக்காரன் பெயரே இல்லை.

இரண்டு சென்ட் ஆக்கிரமிப்பு; ஆயிரம் ஏக்கர் வளர்ச்சி!

2011 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. கிராமத்துப் பொது நிலம் கிராமத்து மக்களுக்கே. அதை வளைத்தவர்களிடமிருந்து மீட்டுக் கொடுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நிலமற்ற கூலிகளுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் சர்க்கார் முறைப்படி கொடுத்த இடங்களுக்கு விலக்கும் வைத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் இதன் பெயரால் புல்டோசர் எங்கே போகிறது? ஏரிக்கரையில் ஓலைக் குடிசை போட்டவன் வீட்டுக்குத்தான் போகிறது!

இரண்டு சென்ட் புறம்போக்கில் ஏழை குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர் புறம்போக்கை வேலி போட்டு அடைத்தால் வளர்ச்சி. இதுதானா சட்டம்? இதுதானா நியாயம்?

இந்த அநியாயம் நேற்று முளைத்ததல்ல. திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் பிரிந்தது. அதற்கு முன் இது செங்கல்பட்டு ஜில்லா. அந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த டிரெமன்கீர் என்ற வெள்ளைக்காரர் 1891-இல் தீண்டப்படாதவர்களாக ஒதுக்கப்பட்ட மக்களின் நிலைமையை நேரில் பார்த்து அறிக்கை எழுதினார். காணி நிலமில்லாமல், குடியிருக்கும் இடமும் மிராசுதாரின் தயவாக, அவர்கள் அடிமை போல் வாழ்வதைச் சொன்னார். அதன் பிறகு 1892-இல் பஞ்சமி நிலம் வழங்க உத்தரவாயிற்று. தாழ்த்தப்பட்டவர்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் எத்தனை கைகளில் சிக்கி மறைந்தன என்பது ஊரறிந்த ரகசியம். 1994 அக்டோபரில் இதே செங்கல்பட்டு மண்ணில், காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்காகப் போலீஸ் துப்பாக்கிக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள். விலை ஏற ஏற, பஞ்சமி நிலத்தின் மீது கழுகுகளின் வட்டமும் இறங்கிக்கொண்டே வருகிறது.

ஆலைத் தொழிலாளியே, இது உன் பிரச்னையும்தான்

"நீங்கள் தொழிற்சாலையே வேண்டாம் என்கிறீர்களா?" என்று நம்மைக் கேட்கிறார்கள். ஒருபோதும் இல்லை! தொழில் வளர வேண்டும். ஏர் பிடித்த கை எந்திரம் பிடிக்க வேண்டும். ஆனால் ஊரின் நிலத்தைக் கொடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஆலையில் நிரந்தர வேலை உண்டா? காண்ட்ராக்டரின் வருகைப் பதிவேட்டில் தினக்கூலியாக நிற்பதற்கா காட்டைக் கொடுத்தோம்?

நிலவிலை ஏறினால் முதலில் ஏறுவது வாடகை. கும்மிடிப்பூண்டியில் ஒற்றை அறையில் ஆறு பேராகப் படுத்து எழும் தொழிலாளியைக் கேளுங்கள். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் வேகும் தொழிலாளியைக் கேளுங்கள். சங்கம் வைத்து, போராடி, ஒப்பந்தம் போட்டு வாங்கிய கூலி உயர்வை, ஒரு கல்லைக் கூட நகர்த்தாத வீட்டுச் சொந்தக்காரன் ஒரே வார்த்தையில் பறித்துக்கொள்கிறான். ஆலை முதலாளி முன்வாசலில் கொடுத்ததை நில முதலாளி பின்வாசலில் எடுத்துக்கொள்கிறான்.

இங்கே நம் வீட்டுக் குறையையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நம்மிலும் பலர் சீட்டுப் போட்டு, தாலி அடகு வைத்து, தவணையில் ஒரு மனை வாங்கியிருக்கிறோம். "விலை ஏறட்டும், நமக்கும் லாபம்தானே" என்று ஒரு சபலம் நமக்கும் தட்டுகிறது. யோசித்துப் பாருங்கள். உங்கள் மனைக்கு விலை ஏறினால், உங்கள் மகனுக்கு வாங்க வேண்டிய மனைக்கும் விலை ஏறும். குடியிருக்கும் வீட்டை விற்று யாரும் லாபம் பார்க்க முடியாது. லாபம் பார்க்கிறவன் ஐம்பது ஏக்கர் வளைத்து வைத்திருப்பவன். அவனுடைய கொள்ளைக்கு உங்கள் முக்கால் கிரவுண்டு மனை கேடயம், அவ்வளவுதான்.

தேர்வாய் கண்டிகையின் கதையில் ஒரு நிகழ்ச்சியை நாம் மறக்கக்கூடாது. 2012 ஜூலையில், பன்னாட்டுக் கம்பெனிகள் நடந்துகொள்ள வேண்டிய விதிகளை வைத்துப் பாரீஸ் நகரத்தில் ஒரு புகார் தாக்கலாயிற்று. இந்த ஊர் மக்களின் சங்கமும் தமிழ்நாட்டு நில உரிமைக் கூட்டமைப்பும் பிரெஞ்சுத் தன்னார்வ அமைப்புகளும் அதில் கையெழுத்திட்டன. அவற்றோடு பிரான்ஸ் தேசத்து சி.ஜி.டி. தொழிற்சங்கமும் கையெழுத்திட்டது! கடல் கடந்த தொழிலாளி சங்கம் இந்தக் கிராமத்துக் கூலிப் பெண்ணுக்காகத் தோள் கொடுத்தது. நடைமுறையில் நம்பிக்கை இழந்த புகார்தாரர்கள் 2013 செப்டம்பரில் விலகிக்கொண்டார்கள். கம்பெனி விதிகளை மீறவில்லை என்று அந்த மையம் முடிவு கூறியது; சில காரியங்களைச் செம்மைப்படுத்தும்படி யோசனையும் சொன்னது. முடிவு எப்படியானாலும் அந்தக் கையெழுத்து அழியாது. பிரெஞ்சுத் தொழிலாளி நீட்டிய கையைக் கும்மிடிப்பூண்டித் தொழிலாளி நீட்டக்கூடாதா? பேட்டைக்கும் சேரிக்கும் நடுவே ஒரு வேலிதானே இருக்கிறது!

நாம் கேட்பது

பிச்சையல்ல, பங்கு கேட்கிறோம்.

1. புறம்போக்கை எடுத்தால் அதற்கும் பட்டா நிலத்தின் விலையே மதிப்பு. அந்தத் தொகையும் குத்தகை வருமானத்தில் ஒரு பங்கும் அந்தக் கிராமப் பஞ்சாயத்துக்கு வர வேண்டும். அதற்கு ஈடான மேய்ச்சல் தரையும் ஒதுக்க வேண்டும்.

2. எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தாலும் விவசாயக் கூலியையும் வாரக்காரரையும் கணக்கெடுத்து, பாதிக்கப்பட்ட குடும்பமாகச் சேர்த்து, ஈடும் மறுவாழ்வும் தர வேண்டும்.

3. கிராம சபை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தீர்மானத்தைக் குப்பைத் தொட்டியில் போட எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை.

4. நிலம் இழந்த ஊர்களின் இளைஞருக்குப் பேட்டை ஆலைகளில் பயிற்சியும் நிரந்தர வேலையும் வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை ஒழிய வேண்டும்.

5. வீடற்ற குடும்பத்துக்கு மனைப்பட்டா வேண்டும். பஞ்சமி நிலங்களைக் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்து மீட்க வேண்டும்.

6. உழைக்காமல் ஏறிய நிலவிலை லாபத்தின் மீது வரி போட வேண்டும். அந்த வரியில் தொழிலாளருக்கு வீடு கட்ட வேண்டும்.

இவை ஆகாத காரியங்களா? ஒரு கையெழுத்தில் ராஜ்யம் முழுவதும் மதிப்பை 33 சதம் இறக்க முடிந்ததே! செல்லாது என்று ஹைகோர்ட் சொன்ன சட்டங்களுக்கு அந்த வருஷமே உயிர் கொடுக்க முடிந்ததே! பணம் படைத்தவனுக்காக இத்தனை வேகமாக ஓடும் பேனா, கூலிக்காரனுக்காக மட்டும் மை வற்றிப் போகுமா?

வற்றாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. கிராம சபை கூடுகிற நாளில் வீட்டில் இருக்காதீர்கள். ஆலைச் சங்கக் கூட்டத்தில் நிலப் பிரச்னையைப் பேசுங்கள். விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஒப்பந்தக் கூலியின் பிரச்னையைப் பேசுங்கள். உங்கள் ஊரில் மேய்க்கால் எத்தனை ஏக்கர், ஏரி எத்தனை ஏக்கர், பஞ்சமி எத்தனை ஏக்கர் என்று கிராமக் கணக்கைக் கேட்டு வாங்கி, படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுச் சாவடியில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு இருந்தது என்று தெரிந்தவனால்தான் எவ்வளவு போயிற்று என்று கேட்க முடியும்.

தேர்வாய் கண்டிகையின் காடு போய்விட்டது. அடுத்த ஊரின் மேய்ச்சல் தரை இன்னும் இருக்கிறது. அதன் மீதும் இன்றைக்கு யாரோ நாடா பிடித்து அளந்துகொண்டிருக்கலாம். அவன் அளந்து முடிப்பதற்குள் நாம் அங்கே போய் நிற்க வேண்டும். வயலிலிருந்து வருகிறவரும் ஆலையிலிருந்து வருகிறவரும் சேர்ந்து நிற்க வேண்டும்.